கை நுழையும் வாய்

டிரே டவா நகரில் மஞ்சள் கேன் வார்க்கும் ஆலையில்
கணக்கு எழுதுகிறவன் நான்.
இருபது லிட்டர். ஒரு கைப்பிடி. இறுகிய மூடி.
பதினொரு வருடம் ஒரே அச்சு,
பேரேட்டில் பதினொரு வருடம் ஒரே வரி.
கடைசி மூன்றில் மட்டும் மை சிவப்பானது.

பொறியாளர் செரிஹுன் நிறத்தை மாற்றினார்.
நீலம், பச்சை, பிறகு ஊதா.
முதலாளி நெஜாத் விலையைக் குறைத்தார்.
குறைத்த விலையில்
குறைவாகவே விற்றது.
ஊதாக் கேன்கள் கிடங்கில் கூரை தொட்டு நின்றன.
மத்தியான வெயிலில் அவை படபடவென்று நெளியும் சத்தம்
என் அறைவரை கேட்கும்.

அஸ்னகெச் விற்பனைப் பிரிவில் சேர்ந்து ஐந்து மாதம்.
குழாயடிக்குப் போய்வர
பஜாஜ் கூலி கேட்டுச் சீட்டு வைத்தாள்.
நோக்கம் என்ற கட்டத்தில்
'உட்கார்ந்திருக்க' என்று எழுதியிருந்தாள்.
நான் கையெழுத்துப் போடவில்லை.
நடந்தே போனாள்.

மூன்று வாரம்.
கேள்வித்தாள் இல்லை, விளம்பரத் தொப்பி இல்லை.
தானும் ஒரு கேனோடு வரிசையில் நின்றாள்,
தன் முறை வந்ததும்
பின்னால் நிற்பவளை முன்னே விட்டாள்.
எங்கள் பெயரைச் சொல்லி
எங்களையே திட்டுவதை
முகம் சுளிக்காமல் கேட்டாள்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில்
ஒரு கிழிந்த கேனை மேசைமேல் வைத்தாள்.
கத்தியால் அறுத்து அகலமாக்கிய வாய்,
பழுக்கக் காய்ச்சிய கம்பியால் மழுக்கிய விளிம்பு,
மூடிக்குப் பதில் பாலித்தீன், சணல் கயிறு.
"நம் பொருளைப் பாழாக்கிவிட்டார்கள்" என்றார் செரிஹுன்.
அவள் அறுக்காத கேன் ஒன்றை அவர்முன் நகர்த்தினாள்.
"உள்ளே பாசி. கழுவிக் காட்டுங்கள்."

மூன்று விரல் போனது.
கல்யாண மோதிரத்தோடு
மூன்றும் சிக்கிக்கொண்டது.
சோப்பு வரும்வரை
பொருளாதார நிலவரம் பற்றி யாரும் பேசவில்லை.

மறுநாள் செரிஹுன் குழாயடியில் இருந்தார்,
பெண்களின் உள்ளங்கையை
வெர்னியர் அளவியால் அளந்துகொண்டு.
ஜோதிடமா என்று கேட்டுச் சிரித்தார்களாம்.

புதிய அச்சுக்கு வங்கிக் கடன்.
நான் முனகிக்கொண்டே எழுதினேன்.
எட்டாவது வாரம் கஃபிரா சந்தையில் கையிருப்பு தீர்ந்தது.
பத்தாவது வாரம் கழுதைக்காரர்கள் வாசலில்:
அகன்ற வாய் ஹரார் ஏற்றத்தில் சிந்துகிறது,
பாதித் தண்ணீரைக் கழுதை முதுகு குடிக்கிறது.
ஒட்டகப்பால் விற்கும் ஹோதானுக்கோ மூடியில் பிடிப்பில்லை.
அஸ்னகெச் அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தாள்.
"வாங்காதவன் வாசல்வரை வந்து திட்டுவானா?"
மூடிக்கு ரப்பர் வளையம் வந்தது.
பேரேடு கறுத்தது.

ஏழாம் மாதம் ஜிஜிகாவில் ஒருவன்
அதே வாய், அதே வளையம்,
இரண்டு பிர் மலிவாக.
நெஜாத் தொலைபேசியில் வக்கீலிடம் கத்தினார்.
என் மேசையில் மறுபடி அந்தச் சீட்டு.
நோக்கம்: உட்கார்ந்திருக்க.

போட்டேன்.
போட்டுவிட்டு அதே பஜாஜில் நானும் ஏறினேன்,
பணம் எங்கே போகிறது என்று பார்க்க.
இப்போது இரண்டு நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர்.
வரிசை மசூதியைத் தாண்டி வளைந்திருந்தது.
முன்னால் இருந்தவள் எங்கள் கேனைக் கவிழ்த்து
அதன்மேல் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள்.
அவளுக்குப் பின்னால் இருந்தவளும் கவிழ்த்தாள்.
அதற்குப் பின்னாலும்.
அடிப்பாகம் ஒவ்வொன்றிலும் நடுவே ஒரு விரிசல்.

அஸ்னகெச் என்னைப் பார்த்தாள்.
நான் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன்.
வரவா, செலவா,
எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியவில்லை.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.